ஆறு மாத ஊருக்கு அடையாளக் குறி இல்லை

திபெத்தை நடந்தே அளந்தவர்களின் பள்ளத்தாக்கு ஜோஹார். அதன் வாழ்வும் தாழ்வும் பழைய நில வரைபடத் தாள்களில் பதிந்து கிடக்கின்றன.

தாளின் எண் 62 பி. சர்வே ஆஃப் இந்தியாவின் கணக்குப்படி, கிழக்குத் தீர்க்கரேகை 80க்கும் 81க்கும் இடையில், வட அட்சரேகை 30க்கும் 31க்கும் இடையில் அடங்கும் இமயமலைத் துண்டு. தெற்கே உத்தராகண்டின் குமாவுன் மலைகள். வடக்கே திபெத். தாளின் மேற்கு ஓரத்தில் மேலிருந்து கீழாக நெளிந்து இறங்கும் நீலக் கோடுதான் கோரி கங்கா. முன்சியாரி என்ற சிறு நகரில் விரலை வைத்து, அந்த நீலக் கோட்டை ஒட்டி மேலே நகர்த்தினால் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. லீலம், பக்டியார், ரில்கோட், மர்தோலி, புர்ஃபு, பில்ஜு. கடைசியாக, ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், மிலாம். அதற்கு மேல் ஊரே இல்லை. பனியாறு, கணவாய், அப்புறம் எல்லைக்கோடு.

இந்தத் தாள்களின் அடியில் குறி விளக்கம் ஒன்று எப்போதும் அச்சாகியிருக்கும். ஊர் என்றால் இரண்டே வகை: குடியிருப்பு உள்ளது, கைவிடப்பட்டது. குடிசை என்றாலும் இரண்டே வகை: நிரந்தரம், தற்காலிகம். தஞ்சாவூருக்கும் மீரட்டுக்கும் இது போதும். ஜோஹாருக்குப் போதாது. இங்கே வீடுகள் கனமான கல் சுவரும் பலகைக்கல் கூரையும் செதுக்கு வேலை செய்த மரக் கதவும் கொண்டவை. தற்காலிகம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அவற்றில் ஆள் இருந்தது ஆண்டில் ஆறு மாதம்தான். பனி உருகும்போது மேலே வருவார்கள், மறுபடி பனி விழுவதற்குள் இறங்கிவிடுவார்கள். குளிர்காலத்தில் மொத்தப் பள்ளத்தாக்கும் வெறுமை. இப்படி ஒரு ஊருக்குக் குறி விளக்கத்தில் இடமே கிடையாது.

நில அளவைக்காரர்கள் பனிமலையில் வேலை செய்ய முடிகிற பருவமும் கோடைதான். அவர்கள் வரும்போது ஊர் நிறைந்திருக்கும். ஆகவே தாளில் மிலாம் முழு ஊராகவே ஏறியது. ஒருகாலத்தில் அங்கே 500 வீடுகள் இருந்தன என்பது ஜோஹார்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கணக்கு. குமாவுனின் பெரிய கிராமங்களில் ஒன்று அது.

அத்தனை உயரத்தில், பெரிதாக எதுவும் விளையாத இடத்தில், அவ்வளவு பெரிய ஊர் எப்படி வந்தது? பதில் தாளிலேயே இருக்கிறது. ஊரைத் தாண்டி வடக்கே போகும் பாதைக்குப் போட்டிருக்கும் குறி, சுமை விலங்குகள் போகும் பாதைக்கு உரியது. அது மூன்று கணவாய்கள் வழியே திபெத்துக்குள் இறங்குகிறது: ஊண்டாதுரா, ஜெயந்தி, குங்ரி பிங்ரி. மூன்றும் 17,000 அடிக்கு மேல். இடையில் தங்க நல்ல இடம் கிடையாது என்பதால் மூன்றையும் ஒரே மூச்சில் கடந்துவிடப் பார்ப்பார்கள். சுமை தூக்கியவை ஆடுகளும் செம்மறிகளும்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் இரு பக்கமும் தொங்கும் சின்னப் பைகள். போகும்போது தானியம், வெல்லம், துணி. திரும்பும்போது உப்பு, வெண்காரம், கம்பளி. திபெத்தின் கியானிமா சந்தையில் ஒவ்வொரு ஜோஹார் வியாபாரிக்கும் பரம்பரைப் பங்காளி ஒருவர் இருந்தார். அப்பா வியாபாரம் செய்த குடும்பத்தோடுதான் மகனும் செய்வான்.

வெளியார் இவர்களைப் போட்டியா என்றார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஷௌகா என்று. இந்துக் கடவுள்களைக் கும்பிட்டார்கள், திபெத்திய மொழி பேசினார்கள், இரு பக்கத்து வழக்கங்களும் அத்துப்படி. வரைபடம் வரைய வந்த வெள்ளைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதற்கு முன்பே தொடர்பு உண்டு. 1812ல் வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் சாமியார் வேடத்தில் மானசரோவர் போய்த் திரும்பும் வழியில் சிக்கிக்கொண்டபோது, அவரை விடுவிக்க உதவியவர்கள் மிலாமின் ராவத் குடும்பத்தினர். 1855ல் ஜெர்மனியின் ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் வந்தபோது அவர்களோடு போன இளைஞர்களில் ஒருவர் அதே குலத்தைச் சேர்ந்த நைன் சிங் ராவத். கருவிகளைக் கையாளும் முதல் பாடம் அவருக்கு அங்கேதான் கிடைத்தது. பிறகு பள்ளிக்கூட வாத்தியாரானார். 'பண்டிட்' என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

வரைபடக் கலைக்கு அது பெருமிதமான காலம். 1802ல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை, வடக்கே நகர்ந்து நகர்ந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளில் டேராடூனை எட்டியிருந்தது. சிகரங்களின் உயரம்கூடத் தெரிந்துவிட்டது. ஆனால் சிகரங்களுக்கு அப்பால் தாள் வெள்ளையாக இருந்தது. திபெத் அந்நியரை உள்ளே விடவில்லை. அன்றைய கேப்டன் தாமஸ் ஜார்ஜ் மான்ட்கோமரிக்கு ஒரு யோசனை தோன்றியது. வெள்ளைக்காரன் போக முடியாத இடத்துக்கு மலைக்காரன் போகலாமே? குமாவுனில் கல்வி அதிகாரியாக இருந்த எட்மண்ட் ஸ்மைத் இரண்டு பேரைச் சிபாரிசு செய்தார். நைன் சிங், அவருடைய உறவினர் மணி சிங். 1863ல் இருவரும் டேராடூன் வந்தார்கள்.

அங்கே கற்றுக்கொண்டது நடக்கத்தான். ஏற்றமோ இறக்கமோ சமவெளியோ, காலடியின் நீளம் மாறக்கூடாது. 2,000 காலடி ஒரு மைல். ஜபமாலையில் 108 மணி இருப்பது வழக்கம். இவர்கள் மாலையில் 100. நூறு காலடிக்கு ஒரு மணி. பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாக எழுதுவதற்கு வெற்றுத்தாள். கைத்தடிக்குள் வெப்பமானி, தண்ணீர் கொதிக்கும் சூட்டை வைத்து உயரத்தைக் கணக்கிட. சோழிகளுக்குள் பாதரசம்; அதைக் கிண்ணத்தில் ஊற்றினால் கிடைக்கும் மட்டமான பரப்பில் நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பார்த்து அட்சரேகையைக் கணக்கிடலாம். மாலையை உருட்டி முணுமுணுத்துக்கொண்டு போகும் யாத்திரிகரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

1866 ஜனவரியில் நைன் சிங் லாசாவுக்குள் நுழைந்தார். நகரின் அட்சரேகை 29 பாகை 39 நிமிடம் என்று கணக்கிட்டார். இன்றைய அளவும் அதுதான். அந்தப் பயணத்தில் அவர் அளந்த வழி ஏறத்தாழ 1,200 மைல். காலடிக் கணக்கில் கிட்டத்தட்ட 25 லட்சம். அத்தனையும் மணி மணியாக எண்ணியது. பின்னர் 1867ல் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கங்கள். 1874-75ல் லேயிலிருந்து லாசா வழியாகத் தவாங், அங்கிருந்து அசாம். கண் பார்வை கெட்டது, உடம்பு தளர்ந்தது. 1877ல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. அதற்கு முன் அச்சான அறிக்கைகளில் அவருக்குப் பெயர் கிடையாது, வெறும் 'பண்டிட்'தான். ரகசியம் காக்க வேண்டுமே.

இன்னொரு மிலாம்காரர் கிஷன் சிங். அரசுக் காகிதங்களில் 'ஏ.கே.' என்ற இரண்டெழுத்து. 1878ல் புறப்பட்டவர் திபெத்தைக் குறுக்கே கடந்து, சீனத்தின் துன்ஹுவாங் வரை போனார். வழியில் கொள்ளைக்காரர் பயத்தால் குதிரையில் போக வேண்டியிருந்தது. சாதாரண ஆளாக இருந்தால் கணக்கை அத்தோடு விட்டிருப்பார். இவர் குதிரையின் முன்னங்கால் எத்தனை முறை தரையைத் தொடுகிறது என்று எண்ணினார். நான்கு ஆண்டு கழித்து, 1882ல் கந்தலும் நோயுமாகத் திரும்பியபோது, ஒரே மகன் இறந்துபோயிருந்தான், வீடும் கலைந்துபோயிருந்தது. திபெத்தின் வரைபடத்தில் அவர் சேர்த்த இடத்தின் பரப்பைப் பேசும் புத்தகங்கள் நிறைய. இந்தச் செய்தி அவற்றில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

ஊரார் அந்நியர் நிலத்தை அளந்துகொண்டிருந்த காலத்தில் அவர்கள் பள்ளத்தாக்கும் அளக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அங்குலத்துக்கு இத்தனை மைல் என்ற அளவுகோல் கொண்ட பழைய தாள்கள் பதிப்புக்குப் பதிப்பு செழித்தன. முதலில் மலைகளுக்குச் சாய்வு தீற்றல்கள். பின்னால் பழுப்பு நிறத்தில் சம உயரக் கோடுகள். 1936ல் மேஜர் கார்டன் ஆஸ்மஸ்டன் தலைமையிலான குழு, மேற்கே சுவராக நிற்கும் நந்தாதேவியின் உள்வட்டத்தை அளந்தபோது அந்தப் பக்கத்து வெறுமையும் நிரம்பியது.

இந்தத் தாள்களில் உயரத்தைவிடச் சுவையானவை பெயர்கள். ஜோஹாரில் ரங்கஸ் என்ற திபெத்திய-பர்மியக் குடும்பத்து மொழி இருந்தது. கிரியர்சனின் மொழி ஆய்வில் அது இடம்பெற்றிருக்கிறது. இன்று பேச ஆள் இல்லை. ஷௌகாக்கள் பேசுவது குமாவுனியின் ஒரு சாயல். ஓர் ஓடைக்கும் மேய்ச்சல் மேட்டுக்கும் ஆள் இருந்தபோது என்ன பெயர் என்பதை, தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கில எழுத்தில் யாரோ ஓர் அளவையாளர் எழுதி வைத்தார். எழுத்துக்கூட்டல் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆனாலும் ஆடு ஓட்டிக்கொண்டு யாரும் போகாத சரிவுகளில் பெயர் தங்கியிருக்கிறதென்றால் அது அந்தத் தாளால்தான்.

1962ல் போர். கணவாய்கள் அடைபட்டன. குறி விளக்கத்தில் 'கணவாயுடன் கூடிய சுமைப் பாதை' என்ற அடையாளம் மாறவில்லை. அதில் போக யாரும் இல்லை. ஒரே பருவத்தில் வாழ்க்கை நின்றது என்றே சொல்ல வேண்டும். ஆட்டு மந்தைகளை விற்றார்கள். கியானிமாவில் கொடுத்த கடன் அங்கேயே நின்றது. வியாபாரம் இல்லாமல் மேலே போய் என்ன செய்வது? 1967ல் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்தது. படித்த இளைஞர்கள் அரசு வேலைக்குப் போனார்கள்; பித்தோராகட், ஹல்த்வானி, டேராடூன் என்று குடும்பங்கள் பரவின. ஜோஹார் ஷௌகாக்கள் கெட்டுப்போகவில்லை. முன்னைவிட நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம். கெட்டது ஊர். 1992ல் கிழக்கே லிபுலேக் கணவாய் வழியாக வியாபாரம் மறுபடி திறந்தபோது ஊண்டாதுராவுக்கு அந்த யோகம் அடிக்கவில்லை.

வரைபடமும் அப்போதுதான் கைநழுவியது. எல்லையை ஒட்டிய பகுதிகளின் விவரமான தாள்கள் 'கட்டுப்படுத்தப்பட்டவை' ஆயின. கடையில் வாங்க முடியாது. யார், எதற்கு என்று எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். யாருடைய தாத்தாக்கள் ஜபமாலை உருட்டி அண்டை நாட்டை அளந்தார்களோ, அவர்களுக்குத் தங்கள் பூட்டிய வீடு இருக்கும் தாள் ராணுவ ரகசியம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950களில் அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு, சர்வே ஆஃப் இந்தியாவின் தாள்களையே ஆதாரமாகக் கொண்டு 1:2,50,000 அளவில் இந்தியா முழுவதற்கும் ஒரு வரிசை வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் அது எல்லோருக்கும் கிடைக்கும். மலையேற வந்த வெளிநாட்டவரின் பையில் அதன் நகல் இருந்தது. வழிகாட்டிச் சுமை தூக்கிய உள்ளூர்க்காரர் எட்டிப்பார்த்துக்கொள்ளலாம். 2005ல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை, ராணுவத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2021 பிப்ரவரியில் விதிகள் பெருமளவு தளர்ந்தன. செயற்கைக்கோள் படத்தை யார் வேண்டுமானாலும் கைபேசியில் பார்க்கும் காலத்தில் அதைத் தாராளம் என்பதைவிடத் தாமதம் என்பதே பொருத்தம்.

பழைய தாளை யாரும் ஒளித்து வைக்காமல் விட்டதால் பயன்பட்ட ஒரு துறை உண்டு. பனியாற்று ஆய்வு. மிலாமுக்கு மேலே நடைதூரத்தில் தொடங்கும் பனியாறு, குமாவுனில் பெரியவற்றுள் ஒன்று. 1906ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் காட்டர், பிரவுன் இருவரும் அதன் முனை எங்கே முடிகிறது என்று குறித்து வைத்தார்கள். முந்தைய பயணிகளின் குறிப்பையும் பிந்தைய அளவைகளையும் சேர்த்துப் பார்த்ததில், 1849க்கும் 1957க்கும் இடையில் அந்த முனை ஏறத்தாழ 1,350 மீட்டர் பின்வாங்கியிருந்தது. பின்வாங்கல் அதற்குப் பின்னும் தொடர்கிறது. ஊர் காலியானதைச் சொல்ல மறந்த தாள், பனி குறைந்ததைத் தப்பாமல் சொல்லிவிட்டது. ஒரு பதிப்பின் மேல் இன்னொன்றை வைத்தால் போதும்.

தாளை மடித்துவிட்டு நேரில் போகிறவர்களுக்குத் தொடக்கம் காத்கோதாம் ரயில் நிலையம். அல்மோரா, பாகேஸ்வர், தல் என்று வளைந்து வளைந்து ஒரு முழு நாள் போனால் முன்சியாரி. எதிரே பஞ்ச்சூலியின் ஐந்து சிகரங்கள்; காலையில் தேநீரோடு அவற்றைப் பார்ப்பதற்கென்றே வருகிற கூட்டம் ஒன்று உண்டு. ஷௌகா வாழ்க்கையின் பாத்திரம், சேணம், தறி, பழைய புகைப்படம் எல்லாம் சேர்த்து வைத்த சிறு அருங்காட்சியகம் ஊரில் இருக்கிறது. சிகரத்துக்கு வந்தவர்கள் அதையும் பார்ப்பது நல்லது. மிலாம் போக உள்எல்லை அனுமதி வேண்டும். பழைய நடைபாதையில் தூரம் சுமார் 60 கிலோமீட்டர். கீழ்ப்பகுதி முழுக்க இடுக்கு. கோரி கங்காவின் இரைச்சலில் பக்கத்தில் நடப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ரில்கோட்டைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு திடீரென்று விரிகிறது, மரங்கள் நின்றுவிடுகின்றன.

தாளில் நெருக்கமாக இருந்த பழுப்புக் கோடுகள் ஏன் அங்கே அகன்று விலகின என்பது காலுக்குப் புரியும் இடம் அது. மர்தோலியில் பூர்ஜ மரத் தோப்புக்குப் பக்கத்தில் நந்தாதேவிக்குக் கோயில். வானம் தெளிந்தால் பின்னால் 7,816 மீட்டர் உயரத்தில் தேவியே நிற்கிறாள். கோயிலைச் சுற்றி வீடுகள், கூரை இல்லாமல். மிலாமில் இன்னும் மோசம். தெரு தெருவாகச் சுவர் மட்டும். மழைக்கும் பனிக்கும் தாங்காமல் உத்தரம் விழுந்து, பலகைக்கல் சரிந்து, உள்ளே நெட்டிலிகளும் புல்லும். இடிந்த வாசல்களில் செதுக்கிய மரச்சட்டம் மட்டும் சில இடங்களில் மிச்சம். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் முகாம் இருப்பதால் ஆள் நடமாட்டம் உண்டு. நைன் சிங்குக்கு 2004ல் அரசு தபால் தலை வெளியிட்டது. அவர் நடந்த தெருவுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

முழுக்கக் காலி என்றும் சொல்லிவிட முடியாது. கோடையில் சில குடும்பங்கள் வருகின்றன. குலதெய்வத்துக்குப் பூஜை போடவும், உருளைக்கிழங்கும் மரக்கோதுமையும் போடவும், மூலிகை சேகரிக்கவும். ஒரு வீட்டின் கூரையைத் தகரம் போட்டுச் சரிசெய்திருப்பார்கள். பக்கத்து வீடு ஆளுயரக் கல்குவியல். பெரியவர்களுக்கு எந்தக் குவியல் யார் வீடு என்று தெரியும். டேராடூனில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

எல்லைச் சாலை அமைப்பு முன்சியாரியிலிருந்து மிலாமை நோக்கிச் சாலை வெட்டுகிறது. 2010க்குப் பிறகு தொடங்கிய வேலை, இடுக்கின் கெட்டிப் பாறையில் பல ஆண்டு சிக்கிக்கொண்டது. 2020ல் கனரக எந்திரங்களை ஹெலிகாப்டரில் தூக்கி மேலே லாஸ்பாவில் இறக்கி, அந்தப் பக்கத்திலிருந்தும் உடைக்க வேண்டியதாயிற்று. சாலை ராணுவத்துக்காக. ஆனால் ஜீப் வந்தால் சிமெண்டும் வரும், மகன்களும் வருவார்கள், வீட்டைக் கட்டலாம் என்று நம்புகிறவர்கள் உண்டு. ஜீப் வந்தால் காலையில் வந்து சாயங்காலம் இறங்கிவிடுவார்கள், இரவு யாரும் தங்கமாட்டார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டாமவர்கள் சொல்வதில் நியாயம் கொஞ்சம் கூடுதல். மலைச் சாலைகள் பல ஊர்களுக்குச் செய்தது அதைத்தான்.

எப்படியிருந்தாலும் 62 பி தாளின் அடுத்த பதிப்பில் கோரி கங்காவின் ஓரமாகப் புதிய கோடு ஏற வேண்டியிருக்கும். மிலாம் என்ற பெயருக்குப் பக்கத்தில் எந்தக் குறியைப் போடுவது என்பதை அப்போதும் யாராவது தீர்மானிக்க வேண்டும். ஜூலையில் வந்து பார்த்தால் வயலில் பச்சை, நாலைந்து வீடுகளில் புகை. அக்டோபர் கடைசியில் கிழங்கு மூட்டையைக் கட்டிக் கோவேறு கழுதை மேல் ஏற்றுகிறார்கள். கதவு உள்ள வீடுகளைப் பூட்டுகிறார்கள். சாவி முன்சியாரிக்கு இறங்குகிறது.